பாவின் நுனியை அறுத்துவிடாதீர்கள்

கேள்வி இதுதான். குடியாத்தத்தில் வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிற பிரிவில் சூப்பர்வைசர் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர ராத்திரி ஏழு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டுக்காரர், மாமியார். கல்லூரி நாளில் நோட்டு நோட்டாகப் படம் வரைந்தவர் பதினொரு வருடமாகப் பேனாவைத் தொடவில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் தூங்கினப்புறம் உட்கார்ந்து பார்க்கிறேன் சார். கை வர மாட்டேங்குது. ஒரு மணி நேரம் வெறுந்தாளைப் பார்த்துட்டு எழுந்துடறேன். இதெல்லாம் பிள்ளைங்க வளர்ந்தப்புறம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை அம்மா. பிள்ளைகள் வளரும்வரை காத்திருக்கவே வேண்டாம். அதுவரை காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணமும் ஆயிற்று, பேரன் பேத்தியும் வந்தார்கள். நோட்டு மட்டும் பீரோ மேலேயே இருந்தது.

வட ஆற்காட்டுப் பள்ளிக்கூடங்களில் முப்பத்தொரு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலை நான் கற்றுக்கொண்டது டிராயிங்கில் இல்லை, எங்கள் அப்பாவின் தறியில். குடியாத்தத்துக்காரர் நீங்கள், தறி தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

அப்பா லுங்கி நெய்தவர். வீட்டு நடுக்கூடத்தில் குழித்தறி. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், நெய்து தீர்ந்ததும் துணியை அறுத்து எடுத்துக்கொள்வார். இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதிலும், சீப்பு மாதிரி இருக்கிற அச்சிலும் கோத்திருக்கிற நூலை மட்டும் உருவ மாட்டார். ஒரு முழத்துக்கு நுனியை அப்படியே விட்டு, கொத்துக் கொத்தாக முடிந்து தொங்கவிடுவார். அடுத்த பாவு வந்ததும் அம்மா பின்பக்கமாக உட்காருவாள். பழைய நுனியில் ஓர் இழை, புதுப் பாவில் ஓர் இழை. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு முறுக்கு. அடுத்தது. ஆயிரக்கணக்கான இழைகளை அப்படியே சேர்த்துக்கொண்டு போவாள். எல்லாம் சேர்ந்ததும் மெதுவாக இழுத்தால், பழைய நூல் புது நூலை விழுதின் கண்ணுக்குள்ளும் அச்சின் பல்லுக்குள்ளும் தானே கூட்டிக்கொண்டு போய்விடும். மறுநாள் தறி சத்தம் கேட்கும்.

ஒரு தடவை எலி வந்து அந்த நுனியைக் கடித்துக் குதறிவிட்டது. ஒவ்வொரு இழையையும் கண்ணில் விட்டு, பல்லில் விட்டு, முதலிலிருந்து கோக்க வேண்டியதாயிற்று. வீட்டில் எல்லாரும் மாறி மாறி உட்கார்ந்தும் நாட்கள் ஓடின. ஒரு சாண் துணி விழவில்லை. அப்பா உழைக்காமல் இல்லை. உழைப்பெல்லாம் தறியைத் தொடங்கும் நிலைக்குக் கொண்டுவருவதிலேயே போயிற்று.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் நடப்பதும் இதேதான். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் தறியைப் புதிதாகக் கோத்துக்கொண்டிருக்கிறீர்கள். எதை வரைவது, எந்தப் பேனா, எங்கே உட்காருவது, இவ்வளவு நாள் கழித்து வரைகிறோமே நன்றாக வருமா? இத்தனை கண்ணிலும் பல்லிலும் நூலை விட்டு முடிப்பதற்குள் டீ போடுகிற நேரம் வந்துவிடுகிறது. நேரம் குறைவு என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற நேரத்தையும் தொடங்குவதே தின்றுவிடுகிறது. அதனால் நுனி விட்டு வைக்கப் பழகுங்கள். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இது ஒன்றுதான். மீதியெல்லாம் இதற்குத் துணை.

படம் வரைகிறவருக்கு நுனி என்பது என்ன? நான் எந்தப் படத்தையும் முடித்துவிட்டு நோட்டை மூடுவதில்லை. நேற்று ராத்திரி திண்ணையில் நிறுத்தியிருந்த சைக்கிளை வரைந்தேன். ஹாண்டில்பாரும் முன் சக்கரமும் ஆயிற்று. பின் சக்கரத்தின் வளைவைப் பாதி இழுத்து, அந்த இடத்திலேயே பேனாவை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் வரைய ஆசை இருக்கும்போதே நிறுத்தினேன். பேனாவை அந்தப் பக்கத்துக்குள் வைத்து ஒரு ரப்பர் பேண்டு போட்டேன். காலையில் காபி ஆறுவதற்குள் நோட்டைத் திறந்தால் அந்தப் பாதி வளைவு கையைப் பிடித்து இழுக்கிறது. அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை. வளைவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கைக்குத் தெரியும். ஒருவேளை படம் முடிந்தே போய்விட்டால், அடுத்த பக்கத்தில் அடுத்த பொருளின் ஓரக்கோட்டை நாலு விரற்கடை இழுத்து வைத்துவிட்டுத்தான் மூடுவேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை: "செம்பு – கழுத்து". அவ்வளவு போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை. பெரிய ஓவியம் ஒன்றைப் பாதியில் விட்டுச் சுவரில் சாய்த்து வைப்பது நுனி விடுவது ஆகாது. அது கடன்காரன் மாதிரி நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நுனி சின்னதாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பிடித்து, பத்து நிமிடத்தில் மறுபடி விடக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்தே தெரிந்து வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் ஏழு வருடம் அறுந்துபோய்க் கிடந்தது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் வேலை. டிராயிங் மாஸ்டர் என்றால் எல்லா வேலைக்கும் ஆள். ஆண்டு விழாவுக்குப் பேனர், சயின்ஸ் மாஸ்டருக்கு இதயம் படம் போட்ட சார்ட், தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தினமும் கையில் சாக்பீஸோ பிரஷ்ஷோ இருந்தது. ஆனால் எனக்கென்று ஒரு கோடு இழுக்கவில்லை. தொழிலுக்காக வரைவதும் தனக்காக வரைவதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் புரிந்தது. முதலாவது எவ்வளவு நடந்தாலும் இரண்டாவது பட்டினியாகவே கிடக்கும்.

அது திரும்ப வந்தது ஒரு ஆஸ்பத்திரி நடையில். அம்மாவை வேலூரில் சேர்த்திருந்தோம், பதினெட்டு நாள். வேலூர் ஆஸ்பத்திரிகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி, பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் ஜனங்கள். நானும் அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் ஒரு பால்பாயின்ட் பேனா, கையில் டோக்கன் சீட்டு. எதிரே ஒரு கதவு. கதவுக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள்.

டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு செருப்பை வரைந்தேன். முகங்களை வரையவில்லை. உடம்புக்கு முடியாமல் இருப்பவரின் முகத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்வது தப்பு என்று இன்றும் நினைக்கிறேன். செருப்பு போதும். ஒரு ஜோடியில் வலது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தது, காலைச் சாய்த்து வைக்கிற ஆள். இன்னொன்றில் கட்டைவிரல் பதிந்து பதிந்து கறுத்த குழி. தோல் வாரில் ஒன்று அறுந்து, பழுப்புத் தோலில் நீல நூலால் யாரோ வீட்டிலேயே தைத்திருந்தார்கள். தையல் சமமாக இல்லை, ஆனால் ரொம்ப இறுக்கமாக இருந்தது. ஷூ ஒன்றின் பின்பகுதியை மடித்து மிதித்து மிதித்துச் செருப்பாகவே ஆக்கியிருந்தார் ஒருவர், அவசரத்தில் கிளம்பி வந்தவர் போலிருக்கிறது. பதினெட்டு நாளில் நாற்பது செருப்புக்கு மேல் வரைந்தேன். ஒன்றுகூட முழுதாக இல்லை. பெயரைக் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும், செருப்புக்கு உடையவர் வெளியே வந்தால் அவரோடு செருப்பும் போய்விடும். எல்லாம் பாதி பாதி. அதனாலேயே மறுநாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கை எங்கே விட்டதோ அங்கே போய் நின்றது. அம்மா தேறி வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் இருபத்தாறு வருடமாக ஒரு வாரம்கூட முழுதாக விட்டதில்லை.

உங்களுக்கு இதைச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. செருப்பு உங்கள் வேலை. அப்பரில் தையல் ஒரு நூலளவு விலகினால் உங்கள் கண் பிடித்துவிடும். இடது வலது இரண்டும் ஒரே மாதிரி வளைகிறதா என்று லாஸ்ட்டில், அதாவது கால் வடிவக் கட்டையில், ஏற்றிப் பார்க்கிறீர்கள். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கிய இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி விழுவதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினொரு வருடமாக வரையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பதினொரு வருடமாக, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஓவியத்தில் பாதிக்கு மேல் கண்ணின் வேலை. உங்கள் கண் துருப்பிடிக்கவில்லை. கைக்கும் கண்ணுக்கும் நடுவில் இருந்த வழிதான் புல் மூடிக் கிடக்கிறது. நடந்தால் தெரிந்துவிடும்.

அதற்கு ஒரு பயிற்சி. ஒரு பொருளை எதிரே வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், பொருளின் ஓரத்தையே கண்ணால் மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள். கண் எவ்வளவு வேகத்தில் நகர்கிறதோ அதே வேகத்தில் பேனாவும் நகரட்டும். பேனாவை எடுக்கவே கூடாது. முடிந்ததும் தாளைப் பார்த்தால் கோணல் மாணலாக இருக்கும், தவறில்லை. ஒரே வாரத்தில் அந்தக் கோணலுக்குள் உயிர் வருவது தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகளில் 'எனக்கு வரையவே வராது' என்று அழுதவர்களையெல்லாம் இதை வைத்துத்தான் மீட்டேன்.

பஸ்ஸில் போகும் நேரத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து. ஓடுகிற பஸ்ஸில் வரைய முயல வேண்டாம், கண்ணும் வலிக்கும், கோடும் நடுங்கும். பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. மாதனூர் பக்கம் பாலாற்றைத் தாண்டும்போது எதிரே தெரிகிற மலையின் மேல்கோடு மட்டும். எங்கே ஏறுகிறது, எந்தப் பாறையில் இடறுகிறது, எங்கே சட்டென்று விழுகிறது. வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று. கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் ஆறும் இரண்டு கரையையும் உடைத்துக்கொண்டு ஓடிக் காட்டியது. மலை மட்டும் அப்படியே மொட்டையாக இருக்கிறது. கோடு பழகுகிறவருக்கு அது வரம். மரம் மூடிய மலைக்கு ஓரம் தெரியாது, நம் மலையில் ஒவ்வொரு குண்டுக்கல்லும் தனித்தனியாகக் கோடு போட்டு உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்ததும், காலையில் பார்த்த அந்த ஒரு கோட்டை ஞாபகத்திலிருந்து போடுங்கள். அரை நிமிடம் போதும். தப்பாக வந்தால் நாளைக்கு அதே இடத்தை இன்னும் கூர்மையாகப் பார்ப்பீர்கள். அதுவும் ஒரு நுனிதான்.

இனி வீடு. இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாரும் தூங்கிய பிறகு உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் தூங்கிய பிறகு? ஒளித்துச் செய்கிற வேலையா இது? நான் வரையும்போது எங்கள் வீட்டில் 'அவர் வரைகிறார்' என்று பிள்ளைகளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள் என் மனைவி. நான் கேட்காமலே எனக்குக் கிடைத்த சலுகை அது. அதே வீட்டில் அவள் பாடுவாள், நன்றாகப் பாடுவாள். அவள் பாடும்போது குழம்பு கொதிக்கிறதா என்று கேட்டவர்கள் நாங்கள். இதை நான் உணர்ந்தபோது எனக்கு ஐம்பது வயது. என் பக்கத்தில் நடந்த பெரிய அநியாயம் என்று இப்போதும் வருத்தப்படுகிறேன். அதனால் சொல்கிறேன்: சாப்பாடு முடிந்த பிறகு இருபது நிமிடம் எனக்கு வேண்டும், அந்த நேரத்தில் பாத்திரம் உங்கள் பொறுப்பு என்று வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மாமியாரிடமும் சொல்லுங்கள். கேட்காமலேயே புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்து வருடங்களை விடாதீர்கள். நோட்டைப் பீரோவில் வைக்காமல் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். சமையல்கட்டில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஒரு கத்திரிக்காயின் காம்பை வரைந்துவிடலாம்.

பிள்ளைகள் வந்து பேனாவைப் பிடுங்குவார்கள். அவர்களுக்கும் ஒரு நோட்டு, அதே பேனா கொடுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வரையட்டும், நீங்களும் வரையுங்கள்.

காலையில் வாசலில் கோலம் போடுகிறவர் நீங்களா மாமியாரா தெரியாது. யாராக இருந்தாலும் அதைக் கவனியுங்கள். ஆயிரம் வேலைக்கு நடுவில், விடிவதற்குள், ஐந்து நிமிடத்தில் ஒரு சிக்குக் கோலத்தைப் புள்ளி வைத்து வளைத்து முடித்துவிட்டு எழுகிறார்கள். 'இன்றைக்கு மனசு வந்தால் போடலாம்' என்று யாரும் நிற்பதில்லை. வாசல் தெளித்தாயிற்று, அடுத்தது கோலம். இடமும் நேரமும் ஏற்கெனவே அமைந்திருப்பதால் மனது தனியாக முடிவெடுக்க வேண்டியதே இல்லை. உங்கள் இருபது நிமிடமும் அப்படி ஏதாவது ஒன்றின் வாலில் கட்டப்பட்டிருக்கட்டும். சாப்பாட்டுக்கு அப்புறம், அல்லது பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது. 'எப்போது முடிகிறதோ அப்போது' என்றால் அது எப்போதும் வராது.

கலை என்பது வேலை இல்லாதவர்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பக்கத்து மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியோடு போரும் நடத்தினான், நாடகமும் எழுதினான், சித்திரகாரப்புலி என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். ஆனால் அவன் ராஜா. சோறு வடித்துத் தர ஆள் இருந்தது. எனக்கு அவனைவிடப் பெரிய உதாரணம் எங்கள் தெருவில் இருந்த ஒரு நெசவாளி. பகலெல்லாம் தறி, பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராகக் கூத்து. துரியோதனன் வேஷம் கட்டுவார். புஜக்கட்டையும் கிரீடமும் வைத்துக் களரியில் ஏறினால் விடிய விடிய எட்டுக் கட்டைக் குரல். கூத்து இல்லாத மாதங்களில் அவர் எப்போது பழகினார் என்று நினைக்கிறீர்கள்? தறியில்தான். மிதிகட்டையை மிதிக்கிற தாளத்துக்கு விருத்தத்தைப் பாடுவார். நூல் அறுந்தால் பாட்டும் அங்கேயே நிற்கும், இழையை முடிந்ததும் அந்த வார்த்தையிலிருந்தே எடுப்பார். சின்ன வயதில் அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, எந்த வார்த்தையில் நிறுத்துவார், எங்கே பிடிப்பார் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூத்து என்றதும் படுகளம் ஞாபகம் வருகிறது. 'இத்தனை நாள் கழித்து வரைந்து, அதுவும் அசிங்கமாக வந்தால்?' என்ற பயம் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை, ஆனால் அடியில் இருக்கிறது. அதற்குப் பதில் படுகளத்தில் இருக்கிறது. நம் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, பதினெட்டாம் போர் நாளுக்காக ஊர் வெளியில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். வருடா வருடம் ஓர் ஊரில் அந்த முகத்துக்கு வர்ணம் தீட்ட என்னைக் கூப்பிடுவார்கள். நாற்பது அடி உருவம். வண்டி வண்டியாக மண் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, ராத்திரி முழுக்கப் பத்து இருபது பேர் சேர்ந்து உடம்பை எழுப்புவார்கள். விடிகிற நேரத்தில் நான் முகத்துக்கு வருவேன். ஈர மண்ணில் பிரஷ் ஓடாது, துணியைச் சுருட்டித்தான் தடவ வேண்டும். மீசை ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள் நீளம். கண்ணுக்கு வெள்ளை அடித்து, நடுவில் கறுப்பு வைத்ததும் அது உங்களைப் பார்க்கும். பத்து நிமிடம் அதன் பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். மத்தியானம் பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார், உள்ளே புதைத்த செங்குங்குமத் தண்ணீர் பீறிடும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். ஜனங்கள் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அங்கே ஒரு மேடு மட்டும்தான் இருக்கும்.

நான் வரைந்ததிலேயே பெரிய முகம் அதுதான். ஒரு வருடத்துக்கு ஆறு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். ஒரு வருடம் மூக்கு சப்பையாகிவிட்டது, ஒரு வருடம் இடது கண் இறங்கிவிட்டது. அடுத்த வருடம் திருத்திக்கொண்டேன். உங்கள் நோட்டின் முதல் ஐம்பது பக்கத்தை அந்த மண் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டுவதற்கு இல்லை, செல்போனில் போடுவதற்கும் இல்லை. குறைந்தது மூன்று மாதத்துக்கு எதையும் போட வேண்டாம் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம். லைக் வந்தால் அந்த மாதிரியே வரையத் தோன்றும், வராவிட்டால் கை சுருங்கும். இரண்டுமே இப்போது உங்களுக்கு ஆகாது. செல்போனில் இருக்கிற படத்தைப் பார்த்து வரைவதையும் தள்ளி வையுங்கள். கேமரா ஏற்கெனவே தட்டையாக்கிவிட்ட பொருளில் கண்ணுக்கு வேலை இல்லை.

சாமான்கள் பற்றி. கடைக்குப் போய் ஆயிரக்கணக்கில் வாங்காதீர்கள். விலை உயர்ந்த தாளில் கை பயந்துகொண்டே போகும். கோடு போடாத சாதாரண நோட்டு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. எழுதுகிற நோட்டுத் தாள் பெரும்பாலும் 70 ஜிஎஸ்எம்முக்குள் இருக்கும், ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்கிற அளவு. அதில் பால்பாயின்ட் நன்றாக ஓடும். ஊற்றுப் பேனா மை பரவும், பின்பக்கமும் தெரியும். மைப்பேனாவுக்குப் போக நினைத்தால் 120 ஜிஎஸ்எம்முக்கு மேல் பாருங்கள். வாட்டர் கலர் என்றால் 300 இருந்தால்தான் தாள் நெளியாது. ஆனால் அதெல்லாம் ஆறு மாதம் கழித்து. ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: நம் ஊர் மே மாதத்தில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும்போது வாட்டர் கலர் தாளைத் தொட்டதுமே காய்ந்துவிடும், ஓரத்தில் கறை மாதிரி கோடு நிற்கும். உங்கள் கை மேல் குற்றம் இல்லை. விடியற்காலையில் செய்யுங்கள், அல்லது தாளின் பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். கலக்குகிற தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால் கொஞ்சம் பொறுக்கும்.

பால்பாயின்ட் மை வெயில் பட்டால் வருடக்கணக்கில் மங்கும், அதனால் பிடித்த பக்கங்களை வெளிச்சத்தில் ஒட்டி வைக்காதீர்கள். நிலைக்க வேண்டும் என்றால் இந்தியன் இங்க், அது கரி. ஆம்பூருக்குப் பக்கத்திலேயே ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டுச் சமணர் ஓவியம் இருக்கிறது. பெரும்பாலும் உதிர்ந்து போய்விட்டது, ஆனால் விதானத்தில் மிஞ்சியிருக்கிற தாமரையும் கொடியும் பார்த்தால் அந்தக் கை எப்படித் தயங்காமல் வளைந்திருக்கிறது என்று தெரியும். கம்பெனி லீவு நாளில் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். மலை ஏற வேண்டும், தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், சுவரைத் தொட விடாதீர்கள்.

எவ்வளவு பழகினாலும் நடுவில் அறும். ஷிப்மென்ட் நேரத்தில் ஓவர்டைம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வீட்டில் ஒரு சாவு விழும். அந்த நாட்களில் வரைய வேண்டும் என்று உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். சாவு வீட்டில் நானும் வரைந்ததில்லை. திரும்பி வரும்போது புதுப்பக்கத்தில் தொடங்காமல், கடைசியாக வரைந்த படத்தையே எடுத்து, அதை இன்னொரு தடவை பார்த்து வரையுங்கள். நம் சொந்தக் கோட்டை நாமே பின்தொடர்ந்து போகும்போது கை சீக்கிரம் பழைய நடைக்கு வந்துவிடும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருகிற வழக்கம் மட்டும் வேண்டாம். அப்படி உட்கார்ந்தவர்கள் அடுத்த ஞாயிறு உட்காருவதில்லை.

கடைசியாக, கல்லூரி நாளில் வரைந்த நோட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன, பார்க்கவே மனசு வலிக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள் அம்மா. அவற்றில் கடைசி நோட்டைத் தேடி எடுங்கள். அதில் கடைசியாக வரைந்த பக்கத்துக்குப் போங்கள். என் அனுபவத்தில், விட்டுப்போன எல்லார் நோட்டிலும் அந்தப் பக்கம் பாதியில்தான் நின்றிருக்கும். பாதி முகம், பாதி மரம், ஏதோ ஒன்று. அந்தக் கோடு எங்கே நின்றதோ அங்கிருந்து இன்று ராத்திரி ஒரு விரற்கடை தூரம் இழுங்கள், நிறுத்திவிட்டு மூடுங்கள். பதினொரு வருடத்துத் தாள் பழுத்திருக்கும், ஜெல் பேனா வைத்தால் மை ஊறிப் பரவும். 2பி பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், ரொம்ப அழுத்தாமல்.